ரெண்டு மிதி

வாங்க, வாங்க. செருப்பு அங்கயே கெடக்கட்டும். காலைல போன் பண்ணுனது நீங்கதானுங்க? நாந்தான் நாச்சிமுத்து. உக்காருங்க. வண்டி இப்ப வந்துரும். ஊட்ல எடுத்துட்டுப் போயிருக்கா. ஊட்லன்னா என்ற சம்சாரம், வசந்தாமணி. பொள்ளாச்சி போனவ, திரும்பி வர்ற வழில கிணத்துக்கடவுல நிறுத்திப்போட்டு போன் பண்ணுனா. ஓட்டிக்கிட்டே பேச மாட்டா. நான் பேசுவேன். அது பழக்கத்தப் பொறுத்தது பாருங்க.

மோர் குடிங்க. உப்புப் பத்தலைன்னா சொல்லுங்க.

மேனுவல் எடுக்கறதா ஆட்டோமேட்டிக் எடுக்கறதான்னு ரோசனையாவே இருக்குதுன்னு சொன்னீங்கல்ல போன்ல? சரியான எடத்துக்கு வந்திருக்கீங்க. கணபதில நம்ம பட்டறை. மில் மெஷினுக்கெல்லாம் கியர் வெட்டிக் குடுத்தவன் நானு. பல்லு பல்லா வெட்டி, அரம் போட்டு, கைல தடவிப் பாத்தே சொல்லிருவேன், எது சேரும் எது சேராதுன்னு. இப்ப குத்தகைக்கு உட்டுட்டேன். அது கெடக்கட்டும். கியர் வெட்டுனவன் ஊட்ல கியர் இல்லாத வண்டி நின்னா நாலு பேரு என்ன பேசுவாங்க? நீங்களே சொல்லுங்க.

உள்ள கியர் இருக்குதுங்கறீங்களா? இருக்கும். நம்ம கைக்கு வராத கியர் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன.

உங்க ஊட்டம்மா ஓட்டுவாங்களா? கேக்கலியா? அதுதான் சரி. கேட்டா கொழப்பம். நான் வாங்கறப்ப ஊரையே கேட்டேன். பட்டறைக்காரங்க, டயர் கடைக்காரரு, எதிர் ஊட்டு பொன்னுசாமி, வாக்கிங் வர்ற பேங்க் மேனேசரு, எல்லாத்தையும் கேட்டேன். நல்லா விசாரிச்சுத்தான் எறங்குனேன்.

வண்டி உங்களுக்குப் புடிக்கும். செவப்பு. உருவம் சின்னது, இஞ்சின் டர்போ. மூணாவது கியர்ல ஒரு அழுத்து அழுத்துனீங்கன்னா முதுகு சீட்டோட ஒட்டிக்கும். சின்ன வயசுல இருந்தே இந்த மாதிரி ஒரு வண்டி மேல கண்ணுங்க எனக்கு. அப்பறம் ஏன் விக்கறீங்கன்னு கேப்பீங்க. கேக்கோணும். அவளுக்காகத்தான் விக்கறேன். பாவம், கிளட்ச் மிதிச்சு மிதிச்சு கஷ்டப்படறா. அவளுக்கு ஒரு ஆட்டோமேட்டிக் எடுத்துக் குடுத்தர்லாம்னு. நாமதான விட்டுக் குடுக்கோணும்?

இல்லீங்க, இன்னும் அவகிட்ட சொல்லல. வித்துப்போட்டுச் சொன்னா சந்தோசப்படுவா.

ஷோரூம் போன கதையச் சொல்றேன், உங்களுக்கு உபயோகப்படும். ரெண்டு வண்டியும் ஓட்டிப் பாத்தேன். ஒரே மாதிரி செவப்பு, ஒரே இஞ்சின். மொதல்ல ஆட்டோமேட்டிக். நான் ஸ்டியரிங்ல, ஷோரூம் அம்மிணி பக்கத்துல, வசந்தாமணி பின்னாடி. நல்லாத்தான் கெளம்புச்சு. கொஞ்சம் வேகம் புடிச்சதும் அடுத்த கியர் மாத்தலாம்னு இடது காலால கிளட்ச மிதிச்சேன் பாருங்க. கிளட்ச் எங்க இருக்குது? அந்த எடத்துல பிரேக்கு அகலமா கை விரிச்சு உக்காந்திருக்குது. வண்டி நடு ரோட்ல குத்த வெச்சு நின்னுருச்சு. வசந்தாமணி தலைல வெச்சிருந்த கனகாம்பரம் பறந்து வந்து என்ற மடில உழுந்துச்சு. பின்னாடி வந்த ஆட்டோக்காரரு எங்கம்மாவையெல்லாம் விசாரிச்சாரு.

சரி, ஒருக்கா தெரியாம ஆகிப்போச்சுன்னு மறுபடி எடுத்தேன். மறுபடியும் அதே. அப்ப அந்த அம்மிணி சொல்லுது, "சார், இதுல லெஃப்ட் காலுக்கு வேலையே இல்லீங்க சார். மடக்கி ஓரமா வெச்சுக்கங்க." எப்படி இருக்கும் எனக்கு? இத்தன வருசம் எனக்கு ஒழச்ச கால். பட்டறைல நாள் பூரா நின்ன கால். அத ஓரமா மடக்கி வெச்சுக்கன்னு சொல்றதுக்கு இவ யாரு? வண்டி சரியில்லீங்க. வடிவமைப்புலயே கோளாறு.

பின்னாடி இருந்து வசந்தாமணி மெதுவா, "ஏனுங், இதையே எடுத்துக்கலாமுங். காலுக்குச் சொகமா இருக்கும்"னா.

பாத்தீங்களா! பொம்பளைங்க நேராக் கேக்க மாட்டாங்க. தனக்கு வேணும்னா இப்படித்தான் சுத்தி வளைப்பாங்க. இவ லைசென்ஸ் எடுத்திருந்தா. அம்பது வயசுக்கு மேல டிரைவிங் ஸ்கூலுக்குப் போயி, எட்டுப் போட்டுக் காமிச்சு, சட்டம் போட்டாப்ல போட்டோ புடிச்ச ஒரு கார்ட வாங்கி வெச்சிருந்தா. நம்ம பழைய வண்டியத் தொட உட்டதில்ல நானு. கிளட்ச் என்னத்துக்கு ஆகறது? அந்த ஷோரூம் அம்மிணி வேற சும்மா இருக்காம, "மேடம், நீங்க ஓட்டிப் பாக்கறீங்களா?"ன்னு கேட்டுச்சு. "அவ ஓட்ட மாட்டாம்மா"ன்னு நான் சட்டுனு சொல்லிப்போட்டேன். வசந்தாமணி ஒண்ணும் சொல்லல. சன்னல் வழியா வெளிய பாத்துட்டு உக்காந்திருந்தா. அப்ப சம்மதம்னுதான அர்த்தம்?

மேனுவலே எடுத்தாச்சு.

எடுத்த அன்னிக்கு நேரா பிள்ளையார் கோயில். மாலை, சந்தனம், தேங்கா, நாலு டயருக்கும் அடில நாலு எலுமிச்சம்பழம். அய்யரு பூசை முடிச்சு, "மெதுவா முன்னால எடுங்க"ன்னாரு. இந்த மாதிரி எத்தன வண்டிய ஏத்தியிருப்பேன் நானு. அன்னிக்குன்னு பாத்து கிளட்ச் கொஞ்சம் அவசரப்பட்டு எந்திரிச்சிருச்சு. புது கிளட்ச், அப்படித்தான் இருக்கும். வண்டி ஒரு துள்ளு துள்ளி அணைஞ்சு போச்சு. மூணு பழம் நசுங்குச்சு. முன்னாடி டயர்ல இருந்த நாலாவது பழம் சளுக்குனு வழுக்கி வெளிய ஓடி, முழுசா செருப்புக் கடை வாசல்ல போயி நின்னுச்சு. அய்யரு பாக்காத மாதிரி தீபாராதனைத் தட்டக் கழுவப் போயிட்டாரு. வசந்தாமணி போயி அந்தப் பழத்தப் பொறுக்கிட்டு வந்து முந்தானைல முடிஞ்சுக்கிட்டா.

அடுத்த நாள் காலைல கதவத் தொறக்கறேன், கேட்டுக்கு நேரா ஒரு எலுமிச்சம்பழம் நசுங்கிக் கெடக்குது. யாரோ செய்வினை வெச்சிட்டாங்க. வண்டி வந்து ஒரு நாள் கூட ஆகல. வேற யாரு? எதிர் ஊட்டு பொன்னுசாமிதான். முந்துன நாள் சாயங்காலம் வண்டியச் சுத்தி வந்து, "நல்லா இருக்குது, நாச்சிமுத்து"ன்னு சொன்னவன் அவந்தான். நல்லா இருக்குதுன்னு சொல்றவனத்தான் நம்பக் கூடாது. நேராப் போயிக் கேட்டுப்போட்டேன். "பொன்னுசாமி, உனக்கு ஆசையா இருந்தா நீயும் ஒண்ணு வாங்கிக்க. என் ஊட்டு முன்னால பழம் வெக்காதே"ன்னேன். அதோட பேச்சுவார்த்தை இல்ல. தெனம் ஒண்ணா வாக்கிங் போனவங்க நாங்க. இப்ப அவன் அந்தப் பக்கம் நடக்கறான், நான் நடக்கறதே இல்ல.

காலுக்கு ஒண்ணும் இல்லீங்க. ஏன் கேக்கறீங்க? எந்திரிக்கறப்ப கைய ஊனுனதப் பாத்தீங்களா? அது வந்து, சேர் தாழ்வு. இந்த இடது மூட்டு கொஞ்சம் மழைக்கு இறுகும், அவ்வளவுதான். கோயமுத்தூர்ல யாருக்குத்தான் மூட்டு இறுகல.

இவளுக்கு ஒரு தங்கச்சி, பூங்கொடி. பொள்ளாச்சிக்கு அக்கட்ட, தோப்புக்குள்ள ஊடு. வீட்டுக்காரரு தவறிட்டாரு. கொழந்தைங்க இல்ல. அதுக்கு ரெண்டு கிட்னியும் போயி, வாரத்துக்கு ரெண்டு தாட்டி ஆஸ்பத்திரில ரத்தம் சுத்தம் பண்ணோணும். நாள் தவறுனா மூச்சு முட்டிரும். வசந்தாமணிதான் பஸ் ஏறிப் போயிட்டு வருவா. நான் புது வண்டி எடுத்ததும் வாக்குக் குடுத்தேன், "இனி பஸ் வேண்டாம், நானே கூட்டிட்டுப் போறேன்"னு. மனசார குடுத்த வாக்குங்க அது. ஆனா ஒரு நாள் டயர்ல காத்துக் கம்மியா இருக்குற மாதிரி இருந்துச்சு. ஒரு நாள் மழை, தோப்புல சேறு, புது வண்டி. ஒரு நாள் எனக்கே ஒடம்பு ஒரு மாதிரி. அவளும் வற்புறுத்தல. பைய எடுத்துட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்துருவா. தோப்புல இருந்து ஆஸ்பத்திரிக்கு எதுல போறாங்க, யாரு கூட்டிட்டுப் போறாங்கன்னு நான் கேக்கல. சொல்லோணும்னா அவங்களே சொல்லியிருப்பாங்க.

ஒரு நாள் மத்தியானம் போன் வந்துச்சு. பூங்கொடிக்கு மூச்சு வாங்குது, பேச முடியல. வசந்தாமணி செவுத்தப் புடிச்சுட்டு நிக்கறா. "ஏனுங், பஸ்ல போனா ஆகாதுங்"னா. அப்பறம் என்ன பாக்கறது? சாவிய எடுத்தேன். சும்மா சொல்லக் கூடாது, பறந்தோம். உக்கடம் மேம்பாலம் வரைக்கும்.

பாலத்துல ஏத்தம். மேல ஏதோ லாரி மக்கர் பண்ணி, வண்டிங்க மூக்கும் முதுகுமா நிக்குது. ரெண்டடி நகரும், நிக்கும். ரெண்டடி நகரும், நிக்கும். அரைக் கிளட்ச்லயே புடிச்சுப் புடிச்சு நிறுத்தோணும். நீங்களும் ஓட்டறவங்க, தெரியும். மிதிச்சிருந்த கால் ஒரு கட்டத்துல எந்திரிக்க மாட்டேங்குது. எந்திரிச்சா மறுபடி எறங்க மாட்டேங்குது. மூட்டுக்குள்ள ஆணி எறக்குன மாதிரி. வண்டி பின்னால உருளுது, பின்னாடி ஒரு பஸ்ஸு காது கிழிய ஹாரன் அடிக்குது, நான் ஹேண்ட் பிரேக்க இழுத்துப் புடிச்சுட்டு சாமி பேரெல்லாம் சொல்றேன். வேர்த்துக் கொட்டுது. டர்போ, ஏசி, ஒண்ணும் ஒதவல.

வசந்தாமணி எறங்குனா. சுத்தி வந்தா. என் பக்கத்துக் கதவத் தொறந்தா. "அக்கட்ட நகருங்க"ன்னா.

எங்க நகர்றது? எறங்கி நடக்க முடியல. அந்தக் கியர் தடிய ஒரு காலுக்கும் இன்னொரு காலுக்கும் நடுவுல உட்டு, ஊர்ந்து, கண்ணாடில மண்டைய இடிச்சு, எப்படியோ இடது சீட்டுக்குப் போயிச் சேந்தேன். பஸ்ல இருந்தவங்கெல்லாம் டிக்கெட் எடுக்காம படம் பாத்தாங்க. அவ முந்தானைய இழுத்துச் செருகிட்டு, சீட்ட முன்னால தள்ளி, ஹேண்ட் பிரேக்க கைல புடிச்சுக்கிட்டே கிளட்ச உட்டா பாருங்க, ஒரு விரக்கட பின்னால போகலீங்க வண்டி. நேரா ஏறுச்சு.

நான் என்னத்தச் சொல்ல? நல்லா ட்யூன் பண்ணுன வண்டி.

ஆனா ஒரு தப்புப் பண்ணுனா. பாலம் எறங்கி மேல் கியர்ல இருந்து கீழ் கியருக்கு வர்றப்ப, கிளட்ச ஒருக்கா மிதிச்சு, கியர நியூட்ரலுக்குக் கொண்டாந்து கால எடுத்து, மறுக்கா ஒரு மிதி மிதிச்சு, அப்பறம் கியர் போடறா. ரெண்டு மிதி! அதெல்லாம் அந்தக் காலத்து லாரிக்காரங்க பழக்கமுங்க. இப்ப வர்ற வண்டிக்குத் தேவையே இல்ல. "ஒரு மிதி போதும், எவன் உனக்கு இப்படிச் சொல்லிக் குடுத்தான்?"னு கேட்டேன். "பூங்கொடி ஊட்டுக்காரரோட பழைய ஜீப்புங். ரெண்டு மிதி மிதிக்காட்டி அதுல கியர் உழுகாதுங்"னா. ரோட்டப் பாத்துக்கிட்டே சொல்றா. தோப்புல சும்மா கெடந்த ஜீப்ப எடுத்து ஓட்டித்தான் ரெண்டு வருசமா தங்கச்சிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்திருக்கா. நான் என்னடான்னா பஸ்ல போறா, பாவம்னு நெனச்சுட்டு உக்காந்திருக்கேன்!

"அப்பறம் எதுக்குடி ஷோரூம்ல ஆட்டோமேட்டிக் வேணும்னு கேட்ட?"ன்னேன். "உங்க காலுக்குத்தானுங் சொன்னேன்"னா.

பாத்தீங்களா சாமர்த்தியத்த? தனக்கு வேணும்னு கேட்டுப்போட்டு, என் கால் மேல தூக்கிப் போடறா.

பூங்கொடி பொழச்சுக்கிச்சு. இன்னுங் கொஞ்சம் தாமசமா வந்திருந்தா கஷ்டம்னு டாக்டரு சொன்னாரு. நல்ல வேளை, டர்போ எடுத்தேன்.

அதுல இருந்து வண்டி இவ கைலதான். காலைல கெளம்புனா சாயங்காலம் வந்து சாவிய ஆணில மாட்டறா. அந்தப் பக்கம் ஊர்ல இன்னொரு வயசான அம்மாவையும் இப்ப சேத்துக் கூட்டிட்டுப் போறாளாம். நான் இங்க உக்காந்து வாசலப் பாத்துட்டு இருக்கேன். போன வாரம் காய்க்காரரு வந்து, "அம்மா வண்டி இல்லியே, வெளிய போயிருக்காங்களா?"ன்னாரு. அம்மா வண்டி! எனக்குச் சுருக்குன்னு ஆகிப்போச்சுங்க. ஆர்சி புக்குல யாரு பேரு இருக்குது? அன்னிக்கே உக்காந்து விளம்பரம் குடுத்துட்டேன். அதுக்காக இல்லீங்க. அவளுக்காக. கிளட்ச் மிதிக்கறது கஷ்டமில்லீங்களா.

இருங்க, சத்தம் கேக்குதா? அதுதான் வண்டி. வாங்க வெளிய. அந்தச் சத்தத்தப் பாருங்க, புலி உறுமறாப்ல. இந்தச் சந்து குறுகல், எதிர்ல பொன்னுசாமி ஸ்கூட்டர் வேற. நான் உள்ள ஏத்தறதுன்னா முன்ன பின்ன நாலஞ்சு தாட்டி அடிப்பேன், ஜாக்கிரதையா இருக்கோணும் பாருங்க. இவ பாருங்க, கண்ணாடிய ஒரு பார்வ பாத்துட்டு ஒரே மூச்சுல ரிவர்ஸ்ல... சரி, வந்துட்டா. அதிர்ஷ்டம்.

என்ன அம்மிணி, வந்துட்டியா? பூங்கொடி எப்படி இருக்குது?... இவருங்களா? இவரு வந்து... கியர் பத்தி ஒரு சந்தேகம் கேக்க வந்திருக்காரு. அப்படித்தானுங்க?

அட, ஏனுங்க! வண்டி பாக்க வந்தேன்னு பட்டுனு சொல்லிப்போட்டீங்களே.

...

என்ன வசந்தாமணி, அப்படிப் பாக்கற? திட்டறதுன்னா திட்டு. இல்ல, உனக்காகத்தான்... என்னது? ஓட்டிப் பாக்காம யாரு வாங்குவாங்கங்கறியா? ஓட்டிக் காட்டறியா? நீயா?

ஏறுங்க, ஏறுங்க. ஏறச் சொல்றா. நீங்க பின்னாடி உக்காந்துக்கங்க, நான் முன்னாடி. பின்னாடி எனக்குக் காலு... பின்னாடி எடம் பத்தாது.

பெல்ட்டுப் போட்டுக்கங்க. இவ அதுல எல்லாம் கறார். பாருங்க, எடுக்கறது தெரியுதா? தெரியாது. அலுங்காம எடுப்பா. அதோ நிக்கறான் பாருங்க பொன்னுசாமி. அவனுக்கு இவ கைய ஆட்டறா. ஏம்மா, பழம் வெச்சவனுக்கு என்ன கை ஆட்ட வேண்டிக் கெடக்குது?... என்ன சொல்ற?... நீயா?

கேட்டீங்களா? இவதானாம். கோயில்ல நசுங்காமப் போன பழத்த வெச்சு, வெடியறதுக்கு முந்தி நான் தூங்கறப்ப, கேட்டுக்கிட்ட வண்டிய ஒரு முழம் நகட்டி ஏத்தி நசுக்கியிருக்கா. கொறை இருக்கக் கூடாதுன்னாம். நான் அந்தப் பொன்னுசாமிய... அவன் மூஞ்சில எப்படி முழிப்பேன் இனி? அப்பவே சொல்றதுக்கு என்னன்னு கேளுங்க இவள. அப்ப நான் கேக்கற மாதிரி இல்லியாம்.

என்னம்மா? மெதுவாப் பேசாத, அவருக்கும் கேக்கட்டும்.

வித்தரலாமாம். நாளன்னிக்குத் தங்கச்சிக்கு ஆஸ்பத்திரி, அதுக்கு மட்டும் வண்டிய வெச்சுக்கிட்டு, அடுத்த நாளே நீங்க எடுத்துட்டுப் போலாமாம். பொறவு அவ பஸ்ல போய்க்கறாளாம். ஜீப்புக்கு இனி ஆயுசு இல்லியாம், ஆட்டோ கீட்டோ பாத்துக்கறாளாம். எனக்கு ஆட்டோமேட்டிக் வந்தா நானும் நாலு எடம் போவேனாம். ஊட்டுக்குள்ளயே உக்காந்து நான் எளச்சுப் போயிட்டேனாம். அதச் சொல்லிக்கிட்டே கியர் மாத்தறா. குரல்ல ஒரு பிசிறு இல்லீங்க.

...

ஒண்ணுமில்லீங்க. கண்ணாடிய எறக்கிக்கறேன். ஏசி.

கொஞ்சம் முன்னால சாய்ங்க, ஒரு விசயம் சொல்றேன். இந்த வண்டில ஒரு கொறை இருக்குதுங்க. சத்தம் கேக்குதா? கேக்கலியா? எனக்குக் கேக்குது, கியர் வெட்டுனவன் நானு. கிளட்ச்சும் போற நெலம. செவப்பு வெயிலுக்கு வெளுத்துரும். பின்னாடி எடம் பாருங்க, உங்க முழங்கால் எங்க இடிக்குது பாருங்க. சத்தியமாச் சொல்றேன், இது உங்களுக்குச் சரிப்படாது. டவுனுக்குள்ள ஓட்டறதுன்னா ஆட்டோமேட்டிக்தானுங்க. நானே ஓட்டிப் பாத்திருக்கேன். தங்கமான வண்டி. இடது காலுக்கு வேலையே இல்ல, மடக்கி ஓரமா வெச்சுக்கலாம். ஷோரூம்ல ஒரு நல்ல அம்மிணி இருக்குது, பேரு வாங்கித் தர்றேன். நானும் வர்றேன் வேணும்னா, சேந்தே பாத்தர்லாம்.

இது விக்கறதுக்கில்லீங்க. அம்மா வண்டி.

எதுக்குங்க என்ற காலையே பாக்கறீங்க? அது ஒண்ணுமில்ல. பழக்கம். இவ கியர் மாத்தறப்பவெல்லாம் என்ற இடது கால் தானா மிதிக்குது. அடில ஒண்ணும் இல்லதான், வெறும் ரப்பர் மேட்டு. முன்னெல்லாம் ஒரு மிதியோட நிக்கும். பாருங்க, ரயில்வே பாலம் வருது. முன்னாடி பஸ்ஸு மெதுவாகுது. இப்ப கீழ் கியர் போடுவா பாருங்க.

ஒண்ணு.

ரெண்டு.

வலிக்கவே இல்லீங்க.